எண்ணூற்றுப் பன்னிரண்டு மரமும் கூப்பன் என்ற சொல்லும்

தம்பி,

உன் கடுதாசி செவ்வாய்க்கிழமை பகல் ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து மரைக்காயர் கடைக்குப் போய், அங்கே உளுந்து மூட்டை மேல் ஒரு பொழுது கிடந்து, அப்புறம் என் கைக்கு வந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். முதல் தடவை வெறும் எழுத்தைத்தான் படித்தேன். சேதி தெரிந்தது இரண்டாம் தடவையில்தான். உனக்கு நில ஆபீசில் பெரிய வேலை போட்டிருக்கிறார்கள், ஜொகூர் பாருவை விட்டு சிகாமட்டுக்கு வருகிறாய், மறுபடியும் ரப்பர் விற்கக் கூப்பன் வரப்போகிறது, அதற்காகத் தைப்பூசம் கழிந்ததும் லாபிஸ் பக்கத்துச் சின்னத் தோட்டங்களுக்கெல்லாம் மரம் எண்ண வருகிறாய். நல்லது. உன் மனைவியும் என் பேத்தியும் கூட வருகிறார்கள் என்பது அதைவிட நல்லது. குழந்தைக்கு முடி இறக்கின பிறகு நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்தக் கடுதாசியின் கடைசியில் இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். ஒன்று, உங்கள் ஆபீசில் பெரிய கிராணி ஒருநாள் குமாஸ்தாக்கள் எல்லோரையும் பார்த்து, கூப்பன் கூப்பன் என்கிறீர்களே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டாராம், இங்கிலீஷ் படித்த ஆறு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லையாம். இன்னொன்று, நீ எண்ண வேண்டிய தோட்டங்களின் பட்டியலில் மூன்றாம் பக்கத்தில் வீராசாமியின் பெயர் இருக்கிறதாம். அதற்குக் கீழே, 'நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே அம்மா' என்று எழுதியிருக்கிறாய்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்குப் பாயசம் வைத்தேன். ஒருத்தி மட்டும் இருக்கிற வீட்டில் பாயசம் வைத்துச் சாப்பிட்டேன் என்றால் எவ்வளவு சந்தோஷம் என்று பார்த்துக்கொள். இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் காலையில் பால் வெட்டப் போனபோது, கத்தியை மரத்தில் வைத்தேன், கை ஓடவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு விஷயத்துக்கும் பதில் எழுதுகிறேன். இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறவை, ஆகையால் பாதியில் மடித்து வைத்துவிடாதே.

முதலில் சொல். உங்கள் பெரிய கிராணிக்குத் தெரியாதது லாபிஸில் கோழி வளர்க்கிற எனக்குத் தெரியும். மரைக்காயர் சொல்லித் தெரியும். அவர் காரைக்கால்காரர். அது பிரெஞ்சுக்காரன் ஆளுகிற ஊர். முதல் கூப்பன் காலத்தில், அந்தச் சீட்டை நான் முதன்முதலாகக் கையில் வாங்கிக்கொண்டு அவர் கடைக்குப் போய், இதற்கு ஏன் இந்தப் பேர் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "கூப்பேன்னா வெட்டுறது, தங்கச்சி. எங்க ஊர்ல சட்டை தைக்கிறவன்லேருந்து வக்கீல் வரைக்கும் தெரியும். முழுத்துணியில வெட்டினது போகக் கடைசியில மிஞ்சுற துண்டு இருக்கே, அதுக்குப் பேருதான் கூப்போன். எங்க வாப்பா கடையில பெருநாளைக்கு முந்தி ஒரு கூடை நெறையக் கெடக்கும். இல்லாதவங்க வந்து பொறுக்கிக்குவாங்க" என்றார்.

அதோடு விடவில்லை. அவர் வாப்பாவுக்கு வாடிக்கையாக ஒரு பிரெஞ்சு வக்கீல் இருந்தாராம். அந்த வக்கீல் வீட்டில் பாய் அகலத்துக்கு ஒரு காகிதம். எங்கேயோ ஒரு கம்பெனிக்கு அவர் பணம் கொடுத்ததற்கான காகிதம். அதன் ஓரமெல்லாம் சின்னச் சின்னக் கட்டமாக அச்சடித்திருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வக்கீல் கத்தரியை எடுத்து ஒரு கட்டத்தை வெட்டுவார், அதைக் கொண்டுபோய்க் கொடுத்து வட்டியை வாங்குவார். அந்தக் கட்டத்துக்கும் கூப்போன் என்றுதான் பேர். கத்தரி பிடித்தே சாப்பிடுகிற மனிதர் என்று ஊரில் அவரைச் சொல்வார்களாம். இங்கிலீஷ்காரன் அந்தச் சொல்லைப் பிரெஞ்சுக்காரனிடமிருந்து எடுத்துக்கொண்டான், கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து நம் ரப்பருக்குக் கட்டிவிட்டான். துணியின் துண்டு, வட்டியின் துண்டு, அப்புறம் ரப்பர் விற்கிற உரிமையின் துண்டு. இப்போது உன் மனைவி பிஸ்கட் டப்பாவின் காகிதத்தில் கூப்பனை வெட்டி அனுப்பினால் கரண்டி இனாமாக வருகிறது என்று எழுதுகிறாள். அதுவும் அதே சொல்தான். எதை வெட்டினாலும் எங்கேயோ முழுசு ஒன்று இருக்கிறது, அதிலிருந்து வந்தது இது என்பதுதான் அந்தச் சொல்லின் அர்த்தம். உங்கள் பெரிய கிராணியிடம் இதைச் சொல். யார் சொன்னது என்று கேட்டால் என் அம்மா என்று சொல்.

இனி வீராசாமி விஷயம். நீ அப்போது சிகாமட்டில் சித்தப்பா வீட்டில் தங்கி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். நடந்தது எதையும் நீ கண்ணால் பார்க்கவில்லை. நானும் ஊரும் சொன்னதைத்தான் கேட்டாய். அதனால் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கம் ரயில் வந்த மறுவருஷம் நாங்கள் நாலு ஏக்கர் காட்டை வாங்கினோம். உன் அப்பா வாரம் முழுக்க ரயில் பாதையில் கூலி வேலை, ஞாயிற்றுக்கிழமை காட்டில் வேலை. நான் வாரம் முழுக்கக் காட்டில்தான். நீ நடக்கத் தொடங்கியபோது கன்று நட்டோம். இருபத்தெட்டு நிரை, நிரைக்கு இருபத்தொன்பது கன்று, ஆக எண்ணூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொரு குழியும் என் கை பட்டது. எந்த நிரையில் எந்த மரம் கோணல், எது இரட்டைக் கிளை, எதில் பால் தண்ணீராக வரும் என்று இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்து நாலைந்து வருஷத்தில் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. உலகத்தில் ரப்பர் மிஞ்சிப் போயிற்று, இனி அவரவர் மரத்துக்கு இவ்வளவுதான் விற்கலாம் என்று சர்க்கார் அளந்து கொடுக்கப்போகிறது என்று பேச்சு வந்தது. எங்கள் காதுக்கு அந்தப் பேச்சு வந்து சேரும் முன்பே, மரம் எண்ண ஆள் வந்துவிட்டார்கள்.

அன்றைக்கு உன் அப்பா பாதை வேலைக்குப் போயிருந்தார். மூன்று பேர் வந்தார்கள். ஊர்த்தலைவர் பெங்ஹுலு முன்னால், நில ஆபீசிலிருந்து வந்த மலாய்க்கார இளவயசுக் கிராணி ஒருவர் நடுவில், பேச்சை மாற்றிச் சொல்ல வீராசாமி பின்னால். வீராசாமி ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர். முன்பு பெரிய எஸ்டேட் ஆபீசில் பியூனாக இருந்தவர், அதனால் மலாயும் கொஞ்சம் இங்கிலீஷும் வரும். மழை பெய்து விட்டிருந்தது. காட்டுக்குள் அட்டை. கிராணி வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்தார், எல்லையில் நின்றுகொண்டு உள்ளே வரவில்லை.

"எத்தன மரம் பால் குடுக்குதுன்னு கேக்குறாங்க, அண்ணி" என்றார் வீராசாமி.

நான் நானூறு என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குப் புரியாது. நீ இங்கே பிறந்தவன். எங்கள் ஊரில் என் அப்பாவுக்கு முப்பது பனை இருந்தது. மரவரி போட வருஷா வருஷம் கணக்குப்பிள்ளை வருவார். அப்பா பதினைந்து என்பார். கணக்குப்பிள்ளை தோப்பைப் பார்ப்பார், அப்பாவைப் பார்ப்பார், இருபது என்று எழுதிக்கொண்டு, ஒரு கூடை நுங்கு வாங்கிக்கொண்டு போவார். மரத்தை எண்ண ஒருவன் வந்தால் பாதியைச் சொல்ல வேண்டும் என்பது எனக்கு முலைப்பாலோடு வந்த புத்தி. ஏட்டோடு வந்த ஆளைப் பார்த்ததும் என் வாய் தானாக அதைச் சொல்லிவிட்டது. பாதி மரம் பட்டுப்போச்சு, வேர் அழுகல் என்றும் சேர்த்துச் சொன்னேன். இந்தப் பக்கத்தில் நம்மவர்கள் இன்னும் சில பேரும் அப்படித்தான் குறைத்துச் சொன்னார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் என்னைப் போல யாரும் சரிபாதியாக வெட்டவில்லை.

மூன்று மாதம் கழித்துச் சீட்டு வந்தபோதுதான் நான் எதை வெட்டினேன் என்று தெரிந்தது. நானூறு மரத்துக்கான கூப்பன். நில ஆபீஸ் ஜன்னலில் புத்தகத்திலிருந்து கிழித்துக் கொடுத்தார்கள். அடித்துண்டு அவர்கள் புத்தகத்திலேயே இருக்கும், நம் சீட்டை அதோடு சேர்த்துப் பார்த்தால் ஓரம் பொருந்த வேண்டும். சீட்டு எவ்வளவோ அவ்வளவுதான் சீன வியாபாரி தௌக்கே ரப்பர் வாங்குவார். மரமோ நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பாதிப் பால் தரவில்லை. முழுப் பாலும் தந்தது. பாலை உறையவைத்து ஷீட்டாக்கிப் புகையில் காயவைத்து அடுக்கினோம். வீட்டில் படுக்கிற இடம் போக மற்ற இடமெல்லாம் ரப்பர் ஷீட். மழை மாசத்தில் அதில் பூஞ்சை பிடித்தது, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து மறுபடி காயவைத்தேன். மறுபடி பிடித்தது. ஊரில் அப்போது எல்லாப் பேச்சிலும் கூப்பன்தான். பெண் பார்க்க வந்தால் மாப்பிள்ளைக்குக் கூப்பன் எவ்வளவு என்று கேட்பார்கள். வேலைக்குப் போகாமல் சுற்றுகிறவனைக் கூப்பன் இல்லாத ஷீட் என்பார்கள். என் வீட்டு வாசலைக் கடக்கும்போது மட்டும் அந்தச் சொல்லை யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். அதுவே எனக்குப் போதுமான அவமானம்.

ஒன்றரை வருஷம் தாக்குப்பிடித்தோம். அப்புறம் உன் படிப்புச் செலவு, நில வரி, உன் அப்பாவுக்கு வந்த காய்ச்சல், எல்லாம் சேர்ந்து முன்பக்கத்து இரண்டு ஏக்கரைத் தௌக்கேக்கு விற்றோம். பதினாலு நிரை. மீதி பதினாலு நிரை நமக்கு. அதில் எத்தனை மரம் என்று நீயே பெருக்கிப் பார். நானூற்று ஆறு. நான் கிராணியிடம் சொன்ன பொய் ஒன்றரை வருஷத்தில் கிட்டத்தட்ட மெய்யாகிவிட்டது.

உனக்குத் தெரிந்த கதை இதற்கு மேல் இப்படிப் போகும். மரத்தைத் தப்பாக எண்ணிச் சொன்னது அப்பா. கூப்பனுக்காகத்தான் எண்ணுகிறார்கள் என்று தெரிந்தும் சொல்லாமல் மறைத்தது வீராசாமி. ஊருக்கும் இதே கதைதான் தெரியும். இதில் முதல் பாதியை ஊரில் சொன்னவர் உன் அப்பா. இரண்டாம் பாதியைச் சொன்னவள் நான். இரண்டும் பொய்.

சீட்டு வந்த வாரம் மரைக்காயர் கடையில் நாலு பேர் உன் அப்பாவிடம், என்ன அண்ணே, எண்ணூறு மரத்துக்காரருக்கு நானூறு மரத்துச் சீட்டா என்று கேட்டிருக்கிறார்கள். இவர் உடனே, நான்தான் என் வீட்டுக்காரிக்குத் தப்பாக எண்ணிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் சண்டைக்குப் போனேன். கை கழுவிக்கொண்டே சொன்னார்: "ஒன்னப் பாத்து நாலு பேர் சிரிச்சா நான் அவங்களோட சண்டைக்குப் போகணும். என்னப் பாத்துச் சிரிச்சா நானும் கூடச் சேந்து சிரிச்சிட்டு வந்துருவேன். எது லேசு, நீயே சொல்லு."

அவர் சொன்னபடியே செய்தார். ஏழு வருஷம் கூடச் சேர்ந்து சிரித்தார். எண்ணத் தெரியாத மனுஷன் என்று பேர் வாங்கினார். ரயில் பாதையில் ஒரு மைலுக்கு எத்தனை கட்டை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர். நீ லீவுக்கு வந்து முன்பக்கத்து நிலம் போனதைப் பார்த்த அன்றைக்கு, சாப்பிடும்போது என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. "அப்பாவுக்கு எண்ணத் தெரிஞ்சிருந்தா நமக்கு இந்தக் கதி வருமா" என்றாய். அவர் ரசத்தைத் தானே ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார். நான் அடுப்பருகில் கரண்டியோடு நின்றேன். அந்த ஒரு நிமிஷத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. நிலம் விற்றதைவிடப் பெரிய தப்பு அதுதான். அவர் கண்ணை மூடி நாலு வருஷம் ஆகிறது. நீ இன்றைக்கும் அப்பாவைப் பற்றிப் பேசும்போது நல்ல மனுஷர்தான், ஆனால் என்று ஒரு ஆனால் போடுகிறாய். அந்த ஆனாலை எடுத்துவிடு. அது என்னுடையது.

இனி வீராசாமி. அவர் மறைத்தார் என்று நான் சொன்னேனே, அதற்கு வருகிறேன். பன்னிரண்டு வருஷமாக உன் அப்பாவைத் தவிர யாருக்கும் சொல்லாதது இது.

நான் நானூறு என்றதும் வீராசாமி அதை உடனே மலாயில் மாற்றிச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் இருந்த மரங்களைப் பார்த்தார். கொஞ்சம் சிரித்தார். "சரியா எண்ணித்தான் சொல்றீங்களா, அண்ணி?" என்றார். என் மரத்தை எனக்கு எண்ணத் தெரியாதா என்றேன். அவர் சொன்னார், கிராணி எழுதிக்கொண்டார். மூன்று பேரும் கிளம்பிப் பாதைத் திருப்பம் வரைக்கும் போனார்கள். அங்கிருந்து வீராசாமி மட்டும் திரும்பி வந்தார். மூச்சு வாங்க நின்று, "இது வரி இல்ல அண்ணி. விக்கிறதுக்கு அளவு போடத்தான் கேக்குறாங்க. கூடச் சொன்னாத்தான் நல்லது. இன்னும் ஏட்ட மூடல, வந்து சொல்லுங்க" என்றார்.

அவ்வளவு தெளிவாகச் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பெங்ஹுலுவுக்கும் கிராணிக்கும் கேட்கிற மாதிரி, "ஒனக்கு இதுல எவ்வளவு கமிஷன், வீராசாமி?" என்று கேட்டேன். அந்த இரண்டு பேருக்கும் தமிழ் தெரியாது, ஆனால் கமிஷன் என்ற சொல் எல்லா பாஷையிலும் ஒன்றுதான். அவர் முகம் கறுத்துப் போயிற்று. திரும்பிப் போனார்.

அப்புறம் கூப்பன் வந்தது. அவருக்கு அவர் மரத்துக்குச் சரியான சீட்டு வந்தது. அந்த வருஷம் அவர் மரத்தில் பாதிக்குப் பட்டை நோய், பால் குறைவு, சீட்டு மிஞ்சியது. மிஞ்சின சீட்டைத் தௌக்கேமார் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். அவர் அதை விற்காமல் நம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வாசலில் நின்று, "சும்மா வச்சுக்கங்க அண்ணே, எனக்கு ஷீட் இல்ல" என்று நீட்டினார். உன் அப்பா கையை நீட்டிவிட்டார். நான் உள்ளேயிருந்து, "வெட்டி மிஞ்சின துண்ட நாங்க பொறுக்குறதில்ல" என்றேன். மரைக்காயர் சொல்லிக்கொடுத்த அர்த்தம் அன்றைக்கு எனக்கு அதற்குத்தான் உதவியது. உன் அப்பா நீட்டின கையை மெதுவாக வேட்டியில் துடைத்துக்கொண்டார். அந்தச் சீட்டு இருந்திருந்தால் வீட்டில் பூஞ்சை பிடித்துக் கிடந்ததில் பெரும்பகுதி விற்றிருக்கும். முன்பக்கத்து நிலம் இன்றைக்கு நம்மிடம் இருந்திருக்கலாம். இருந்திருக்காமலும் போயிருக்கலாம். அதை நான் அதிகம் யோசிப்பதில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் மறைத்துவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லத் தொடங்கினேன். தண்ணீர் எடுக்கிற இடத்தில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன். நான் சொன்னால் நம்புவார்கள், எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும். அவரைப் பேச்சு மாற்றிச் சொல்லக் கூப்பிடுவதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவர் ஒருநாளும் பதில் பேசவில்லை. நான் திரும்பிப் போனதைப் பெங்ஹுலு பார்த்தார், அவரைக் கேளுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

இவ்வளவும் எழுதியதால் நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. என் கோபத்துக்கும் காரணம் இருக்கிறது. நிலத்தை விற்ற பிறகு உன் அப்பா ரயில் வேலையை விட்டார், உடம்பு தாங்கவில்லை. தௌக்கேயிடமே கூலிக்குப் பால் வெட்டினார். எந்த மரம்? நாம் நட்ட அதே பதினாலு நிரை. ஒருநாள் காலையில் நான் அவருக்குக் காப்பி கொண்டுபோனபோது வீராசாமி சைக்கிளில் வந்தார். ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டு, "என்னண்ணே, சொந்த மரத்துக்கே கூலிக்கு வெட்டுறீங்களா?" என்றார். உன் அப்பா கத்தியை மரத்திலிருந்து எடுக்காமலே, "ஆமாண்டா தம்பி, பழகின மரம், கை வலிக்காது" என்று சிரித்தார். வீராசாமியும் சிரித்துவிட்டுப் போனார். என்னைச் சொல்லியிருந்தால் நியாயம். நான் அவருக்குச் செய்ததற்கு என்னை எதுவும் சொல்லியிருக்கலாம். ஒரு பாவமும் அறியாத மனுஷரைச் சொன்னார். அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கிறது, அது என்னோடுதான் போகும். நான் சாகும்வரை அவரோடு பேசமாட்டேன். அது எனக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. உன் ஆபீஸ் ஏட்டில் அதற்கு இடம் இல்லை.

அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். வீராசாமியின் மரத்தைச் சரியாக எண்ணு. ஒரு மரம் குறையாமல் எண்ணு. பட்டை நோய் கண்ட மரமும் இப்போது தேறியிருக்கிறது, நான் இந்தப் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அதையும் சேர்த்து எண்ணு. என் பொருட்டு நீ அவர் சீட்டில் ஒரு ஓரத்தை வெட்டினாயானால், அந்த அடித்துண்டு உன் புத்தகத்தில் பொருந்தாமல் கிடக்கும், உன் பிள்ளை காலத்தில் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். அவர் வீட்டில் காப்பி கொடுத்தால் குடி. எப்படி இருந்தது என்று மட்டும் என்னிடம் வந்து சொல்லாதே.

மற்றத் தோட்டங்களுக்கும் இதே மாதிரிதான். எல்லையில் நிற்காதே, காட்டுக்குள் போ. காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டால் அட்டை ஏறாது. ஒவ்வொரு நிரையாக நட. எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் எதற்கு என்று சொல், அவர்களுடைய பாஷையில் சொல். என் மாதிரிப் பாதி சொல்கிறவர்கள் இன்னும் இருப்பார்கள். வரிக்குப் பயந்து பொய் சொல்கிறவர்களைப் பார்த்தாலே தெரியும், ரொம்பக் கோபமாகப் பேசுவார்கள். இரண்டாம் தடவை கேள், மூன்றாம் தடவையும் கேள். ஆம்பிளை இல்லாத நேரத்தில் ஒரு பெண்பிள்ளை நின்று பதில் சொன்னால், கேட்கும்போது சிரிக்காதே. கேள்வி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சிரிப்போடு வந்தால் எங்கள் காதில் ஏறாது. வீராசாமி செய்த ஒரே பிழை அதுதான், அன்றைக்கு. சைக்கிள் பிழை வேறு.

இன்னொன்று. தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ லாபிஸில் இறங்கினதும் நேரே வீட்டுக்கு வராதே. மரைக்காயர் கடையில் அன்றைக்குக் கூட்டம் இருக்கும். இந்தக் கடுதாசியை அங்கே நின்று சத்தமாக வாசி. பாயசம் வைத்ததை வேண்டுமானால் விட்டுவிடு, மற்றதில் ஒரு எழுத்தையும் விடாதே. உன் அப்பாவுக்கு எண்ணத் தெரியாது என்று சிரித்தவர்களில் பாதிப்பேர் இன்னும் அங்கே அதே பெஞ்சியில்தான் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள், அவர்கள் கேட்கட்டும். வீராசாமி இருந்தால் அவரும் கேட்கட்டும். இல்லாவிட்டால் தேடிப் போகாதே, ஊரில் யாராவது அவரிடம் சொல்லிவிடுவார்கள். நான் சொன்ன பொய் பன்னிரண்டு வருஷம் ஊர் சுற்றியது, மெய்க்கும் கால் இருக்கும்.

நம் தோட்டத்தை நீ எண்ண வேண்டாம். பெற்றவள் மரத்தைப் பிள்ளை எண்ணினால் சரியாக எண்ணினாலும் ஊர் பேசும். வேறு ஒரு கிராணியை அனுப்பு. புயலில் ஒன்பது மரம் விழுந்துவிட்டது, போன மாசம் மறுபடி நடந்து பார்த்துவிட்டேன். யார் வந்து கேட்டாலும் முன்னூற்றுத் தொண்ணூற்றேழு என்றுதான் சொல்வேன். பாதைத் திருப்பத்திலிருந்து திரும்பி வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

உன் அம்மா